பக்கத்து வீட்டில் வாங்கிய கடன்

2025 ஜூலையில் ஒரு நாள் சாயங்காலம். 503-இல் 268 போனால் எவ்வளவு என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, காலகாலமாக எல்லா வாத்தியார்களும் சொல்கிற மாதிரியே நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மூணுல எட்டு போகாது. பக்கத்து வீட்ல கடன் வாங்கணும். பக்கத்து வீட்ல பூஜ்யம் இருக்கு. அதனால அதுக்கும் அடுத்த வீட்டுக்குப் போய்..."

இரண்டாவது வரிசையில் இருந்த ஆறாம் வகுப்புப் பெண் கையைத் தூக்கினாள்.

"சார், அந்தப் பூஜ்யமே ஒண்ணுமில்லாத ஊடு. அதாண்ட போயி இன்னாத்துக்கு சார் கேக்கணும்?"

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கேள்வி இன்னும் முடியவில்லை போல.

"வாங்குனத எப்ப சார் திருப்பிக் குடுக்கறது?"

36 வருடம் தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவன் நான். மணியார்டர், ஆர்.டி., சேமிப்புக் கணக்கு என்று எத்தனை ஆயிரம் கழித்தல் போட்டிருப்பேனோ, ஒரு நாளும் இந்தச் சந்தேகம் எனக்கு வந்ததில்லை. "கணக்குல திருப்பிக் குடுக்க வேணாம்மா" என்று சமாளித்தேன்.

"அப்ப அது கடன் இல்ல சார். ஆட்டைய போடறது."

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில், பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கிறது எங்கள் ஹால். ஒரு சின்ன டிரஸ்ட் வாடகைக்கு எடுத்து நடத்துகிறது. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் பிள்ளைகள் யார் யார் என்று அந்தத் தெருவில் இருப்பவர்கள் விரல் மடக்கிச் சொல்லிவிடுவார்கள். கீழே வலைக்கயிறும் மிதவையும் விற்கிற கடை. மாடியில் மூன்று ஃபேன், அதில் ஒன்று சுற்றும், ஒன்று சத்தம் போடும், ஒன்று சும்மா இருக்கும். சாயங்காலம் ஐந்தேகாலில் இருந்து ஏழரை வரை. மூன்றாம் வகுப்பில் இருந்து எட்டு வரை படிக்கிற நாற்பது, நாற்பத்தைந்து பிள்ளைகள் வருகிறார்கள். ரிட்டயரான மறு வருடம், 2022-இல், வீட்டில் சும்மா இருந்து மனைவியோடு சண்டை போட்டதில் வெறுத்துப்போய் பெரம்பூரில் இருந்து பஸ் ஏறி வந்தவன். இன்னும் வந்துகொண்டிருக்கிறேன். கணக்கும் சுண்டல் கணக்கும் என் பொறுப்பு.

சுண்டலை முதலில் சொல்லிவிடுகிறேன். இதைப் பற்றிக் கேட்காத நன்கொடையாளரே கிடையாது. பள்ளியில் சத்துணவு பன்னிரண்டரைக்கு. வீட்டில் அம்மா அடுப்பு மூட்டி ராத்திரி சோறு ஆக எட்டரை, ஒன்பது ஆகிவிடும். நடுவில் எட்டு மணி நேரம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-இல் வந்தது. அதுவும் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறுக்குப் போன பிள்ளைக்குக் காலையிலும் ஒன்றுமில்லை, சாயங்காலமும் ஒன்றுமில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு வகுத்தல் ஏறாததற்குப் பாதிக் காரணம் வயிறுதான். அதனால் ஐந்தேகாலுக்கு முதல் வேலை சுண்டல்: இரண்டு கிலோ கொண்டைக்கடலை, முந்தின ராத்திரி ஊறப்போட்டது. பக்கத்து வீட்டு ஆயா வேகவைத்துத் தருகிறார். ஒருமுறை ஒருவர் வாரம் ஒரு நாள் முட்டை வாங்கித் தருகிறேன் என்று ஆசையாக வந்தார். பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். பள்ளியில் வாரம் ஐந்து நாளும் முட்டை போடுகிறார்கள், இங்கேயும் முட்டையா! அவருக்குக் கொஞ்சம் வருத்தம். வாழைப்பழமாக மாற்றிக்கொண்டோம்.

ஹால் வாசலில் ஒரு வாளித் தண்ணீர், சோப்பு, பிழிந்து போட்ட எலுமிச்சைத் தோல். எறா உரித்துவிட்டு நேராக வருகிற பிள்ளைகள் உண்டு. ஐஸ் தண்ணீரில் மணிக்கணக்காக ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும்; எறா முள் கீறின கோடுகள் வேறு. அந்தக் கையில் பென்சில் நிற்காது, வழுக்கும். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கையைக் கழுவிவிட்டு ஒரு தடவை மோந்து பார்ப்பான். திரும்பவும் கழுவுவான். அப்புறம்தான் புத்தகத்தைத் தொடுவான். யாரோ எப்போதோ பள்ளியில் "நாத்தம்" என்று சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் கேட்டதில்லை.

அந்தப் பையனிடம்தான் நான் கணக்கைக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம். பெருக்கலே வராது என்று அவனைப் பற்றி எழுதி வைத்திருந்தேன், என் நோட்டிலேயே. ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கப் போனேன். காசிமேட்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் மீனைத் தேடினேனா ஆளைத் தேடினேனா தெரியாது, பார்த்தால் இவன் அம்மாவின் கூடைக்குப் பின்னால் தராசோடு உட்கார்ந்திருக்கிறான். வஞ்சிரம் கிலோ 900. ஒரு துண்டை எடுத்து வைத்தான், 650 கிராம். நான் பர்ஸை எடுப்பதற்குள், "ஐநூத்தி எம்பத்தஞ்சு சார்" என்றான்.

எப்படிடா என்றேன். "அர கிலோ நானூத்தம்பது. நூறு தொண்ணூறு. அம்பது நாப்பத்தஞ்சு. வேற ஆளா இருந்தா அறநூத்தம்பது சொல்லுவேன் சார், அவங்க அம்பது கொறச்சிக் கேப்பாங்க, குடுத்துருவேன்."

திங்கட்கிழமை ஹாலில் அதே கணக்கை நோட்டில் கொடுத்தேன். 900-ஐ 65-ஆல் பெருக்கி, புள்ளி வைக்க வேண்டும். அவன் ஐந்தால் பெருக்கி 4,500 எழுதினான். ஆறால் பெருக்கி 5,400, அதை ஓர் இடம் தள்ளாமல் நேர் கீழே எழுதினான். கூட்டினான். 9,900. அப்படியே கோடு போட்டு மூடினான். புள்ளி வைக்கிற ஞாபகமே இல்லை.

"ஏண்டா, 650 கிராம் வஞ்சிரம் 9,900 ரூபாயா?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "நோட்டுல அப்படித்தான் சார் வரும்."

அந்த வாக்கியத்தை நான் இன்னும் விழுங்கிக்கொண்டிருக்கிறேன். அவனைப் பொறுத்தவரை நோட்டு என்பது வேறு ஊர். அங்கே விலைவாசி எப்படி வேண்டுமானாலும் இருக்கும், நமக்கென்ன.

என் மகளிடம் போனில் சொன்னபோது, இதைப் பெரிய ஆட்களே ஆராய்ந்திருக்கிறார்கள் அப்பா என்று இரண்டு கட்டுரைகளை அனுப்பினாள். ஒன்று 1985-இல் வந்தது, பிரேசிலின் ரெசிஃபே நகரத்துத் தெருவில் விற்கிற பிள்ளைகளைப் பற்றி. தேங்காய் ஒன்று 35 என்றால் பத்துக்கு எவ்வளவு என்று கேட்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் 35-ஓடு ஒரு பூஜ்யம் சேர்க்கவில்லை. மூணு 105, இன்னொரு மூணு 210, இன்னும் நாலு வேணும், 315, அப்போ 350 என்று போகிறான். வாசித்ததும் வஞ்சிரக்காரன்தான் கண்ணுக்கு முன் வந்தான். அந்தப் பிள்ளைகளுக்கும் தாளில் எழுதிக் கொடுத்த வெறும் கணக்கு என்றால் பெரும்பாலும் தப்பு. இன்னொன்று 2025 தொடக்கத்தில் நேச்சர் இதழில் வந்தது. நோபல் வாங்கிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் உள்ள குழு, கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் பார்த்தது. சந்தைக் கணக்கில் புலிகள், பாடப்புத்தகக் கணக்கில் தடுமாற்றம். அதோடு விடவில்லை. சந்தைக்கே போகாமல் பள்ளிக்கு மட்டும் போகிற பிள்ளைகளிடம் சந்தைக் கணக்கைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் அங்கே தடுமாறியிருக்கிறார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. இங்கே தெரிந்தது அங்கே போகவில்லை, அங்கே தெரிந்தது இங்கே வரவில்லை. நடுவில் பாலம் கட்டாதது பிள்ளைகளின் குற்றமா?

எங்கள் ஆறாம் வகுப்புக் கூட்டத்துக்கு இன்னொரு பள்ளமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரைக்கான வகுப்புகள் 2020 மார்ச்சில் மூடி 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. 2025-இல் ஆறில் படித்த பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய வருடம் முழுக்க பள்ளிக்கூடக் கதவே திறக்கவில்லை. இரண்டாம் வகுப்பிலும் பாதி வருடம் போனபிறகுதான் முதன்முதலாக பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வீட்டில் ஒரு போன், அதுவும் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். கடன் வாங்கிக் கழித்தல் என்பது அந்தக் காலத்தில் நடந்திருக்க வேண்டிய பாடம். அதனால்தான் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு நான் 503-ஐயும் 268-ஐயும் எழுதிக்கொண்டிருந்தேன்.

சரி, அவள் கேட்ட கடனுக்கு வருகிறேன்.

வடசென்னையில் தண்டல் என்றால் தெரியாத வீடு கிடையாது. கணக்கு எல்லாருக்கும் மனப்பாடம். 10,000 என்று பேசி, 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500-ஐக் கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள். தண்டல்காரர் சாயங்காலம் வண்டியில் வந்து அட்டையில் குறித்துக்கொண்டு போவார். வஞ்சிரம் பாடத்துக்குப் பிறகு எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. பிள்ளைகளுக்குத் தெரிந்த கணக்கிலேயே சதவீதம் நடத்தினால் என்ன என்று செப்டம்பரில் இதையே எழுதிப் போட்டேன்.

8,500-க்கு 1,500 என்றால் நூறு நாளில் பதினேழரை சதவீதத்துக்குமேல். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தினம் தினம் நூறு நூறாகத் திருப்பிக் கட்டுகிறோம் அல்லவா, ஐம்பதாவது நாளில் பாதிப் பணம் நம் கையில் கிடையாது. முழுப் பணத்தையும் நூறு நாள் வைத்திருந்தால்தானே அந்தப் பதினேழரை சரி? இதைச் சேர்த்துப் பார்த்தால் வருடத்துக்கு 120 சதவீதம் தாண்டுகிறது. நான் வேலை பார்த்த தபால் ஆபீஸில் சேமிப்புக் கணக்குக்கு 4 சதவீதம் தருவோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வட்டம் போட்டேன். நல்ல பாடம் நடத்திய திருப்தியில் அன்று பஸ்ஸில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே போனேன்.

மறுநாள் சுண்டல் நேரத்தில் அந்தப் பெண்ணின் அம்மா மாடி ஏறி வந்தார். இடுப்பில் இருந்து கூடையை இறக்கவில்லை.

"சார், எம் பொண்ணாண்ட இன்னா சொல்லிக் குடுத்தீங்க? தண்டல்காரன் வந்து நிக்கிறான், அவன் மூஞ்சிக்கு நேரா நூத்தி இருவது பர்சன்ட்டுன்னு சொல்லுது. அவன் மொறச்சிகினு போறான்."

உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. பேங்க் இருக்கிறதே, தெருவோர வியாபாரிகளுக்கு 2020-இல் வந்த ஸ்வநிதி திட்டம் இருக்கிறதே, பிணையில்லாமல் கடன் தருகிறார்களே என்று கவுன்டர்காரப் புத்தியில் ஆரம்பித்தேன்.

"அது ஒரு தபா வாங்கியாச்சு சார். வாங்கி, கட்டியும் ஆச்சு. பேங்க்கு பத்து மணிக்குத் தொறக்குது. ஏலம் மூணு மணிக்கு. விடியக்காலம் மூணு மணிக்கு. மழ பேஞ்சி ரெண்டு நாளு யாவாரம் போச்சுன்னா மூணாம் நாளு கூடைக்குக் காசு யாரு வெப்பா, நீங்களா? அந்த ஆளுதான் வெக்கிறான்."

எனக்குப் பதில் இல்லை. அவருக்கும் நான் பதில் சொல்ல வேண்டும் என்று இல்லை. போகும்போது படியில் நின்று, "அது நல்லாப் படிக்குதா சார்?" என்று மட்டும் கேட்டார். நல்லாப் படிக்கிறாள் என்றேன். அது பொய் இல்லை.

வட்டி எவ்வளவு என்று தெரியாமல் அவர் வாங்கவில்லை. தெரிந்துதான் வாங்குகிறார். நான் கற்றுக்கொடுத்தது அவருக்குப் பத்து வருடமாகத் தெரிந்த விஷயம். புதிதாக நடந்தது, ஒரு சின்னப் பெண் அதை சத்தமாகச் சொன்னது மட்டும்தான். அதற்கான விலையை நானா கொடுக்கப் போகிறேன்? அப்புறம் தண்டல் கணக்கைக் கரும்பலகையில் எழுதுவதை விட்டுவிட்டேன். விட்டது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தீர்மானமில்லை. எங்கள் ஹாலில் ஆங்கிலம் சொல்லித்தரும் பெண், நீங்கள் பயந்துவிட்டீர்கள் சார் என்கிறாள். இருக்கலாம்.

இதற்கு நடுவில் கம்பெனிக்காரர்கள் வருவார்கள். சனிக்கிழமையில் ஒரே நிற டி-ஷர்ட் போட்டுக்கொண்டு இருபது பேர், கேக், பேனர், ஃபோட்டோ. நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் பீரோவில் இப்போது 60 ஜியாமெட்ரி பாக்ஸ் பிரிக்காமல் கிடக்கிறது. கரண்ட் பில் கட்ட இதுவரை யாரும் முன்வந்ததில்லை. ஹாலில் பாடம் எடுக்கும் இரண்டு பெண்களும் அதே தெருவில் வளர்ந்தவர்கள், காலேஜ் முடித்தவர்கள். அவர்களுக்குக் கொடுக்கிற சம்பளத்தை "நிர்வாகச் செலவு" என்று ஒருவர் அடித்துவிட்டு, அதற்குப் பதில் நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். நோட்டு பாடம் எடுக்குமா?

இன்னொன்று, இங்கே வருடம் ஜூனில் ஆரம்பித்து ஏப்ரலில் முடிவதில்லை. கடல்தான் எங்கள் காலண்டர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில். அப்பாக்கள் வலை பின்னுகிறார்கள், படகுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், சும்மா இருக்கிறார்கள், சும்மா இருக்கிற வீட்டில் நடப்பதெல்லாம் நடக்கிறது. அரசாங்கம் தருகிற நிவாரணம் இப்போது குடும்பத்துக்கு 8,000. முன்பு 5,000-ஆக இருந்தது. அந்த இரண்டு மாதம் பெரும்பாலும் பள்ளி விடுமுறைதான், ஆனால் ஹாலில் கூட்டம் நிரம்பி வழியும். தம்பி தங்கையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார்கள். இரண்டு கிலோ கடலை மூன்று கிலோ ஆகும். ஜூன் 14 ராத்திரி படகு கிளம்பும். அப்புறம் கொஞ்ச நாள் ஹாலில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். மீன் வருகிறதே, கை வேண்டுமே. முதல் வருடம் இந்தப் பத்துப் பேரைப் பார்த்துவிட்டு, நாம் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று பயந்து வீடு வீடாகப் போனேன். ஒரு பாட்டி என்னைப் பார்த்து, "கடல் தொறந்துகிச்சு, தெரியாதா?" என்றார்.

தீபாவளிக்குச் செங்கல்பட்டில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். 88 வயது. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் இன்றும் அவர்தான். பேச்சுவாக்கில் அந்தப் பெண் கேட்டதை ஒரு ஜோக் மாதிரி சொன்னேன். அத்தை சிரிக்கவில்லை.

"ஏன், வாங்கினா கீழே குடுக்கணுமே. நீங்கள்லாம் குடுக்கறதில்லையா?"

காலண்டரின் பின்பக்கத்தில் 503, கீழே 268 எழுதச் சொன்னார். "மூணுல எட்டு போகாது, பத்து கடன், பதிமூணு. பதிமூணுல எட்டு போனா அஞ்சு. வாங்கின கடனை அடுத்த இடத்துல கீழே குடு. ஆறு ஏழாச்சு. பூஜ்யத்துல ஏழு போகாது, பத்து கடன். பத்துல ஏழு மூணு. மறுபடி கீழே குடு, ரெண்டு மூணாச்சு. அஞ்சுல மூணு போனா ரெண்டு." 235.

மேலே இருக்கும் எண்ணில் ஒன்றையும் அடிக்கவில்லை. பூஜ்யத்தின் வீட்டைத் தட்டவே இல்லை. மேலே பத்து ஒன்றுகளைச் சேர்த்தால், கீழே அடுத்த இடத்தில் ஒரு பத்தைச் சேர்த்துவிடுகிறோம். இரண்டு பக்கமும் ஒரே அளவு கூடினால் வித்தியாசம் மாறாது. முறையாகத் திருப்பிக் கொடுக்கிற கழித்தல். ஆறாம் வகுப்புப் பெண் கேட்டது ஜோக்கே இல்லை. எங்கள் அத்தைக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்து, எனக்கு வருவதற்குள் காணாமல் போய்விட்ட வழியைத்தான் அவள் கேட்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை முதல் வேலையாக அதைப் போட்டுக் காட்டினேன். அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கடைசி வரை பார்த்தாள். "இது சரி" என்றாள், என்னவோ என் பேப்பரைத் திருத்துகிற மாதிரி. அன்று பதினோரு கணக்கு போட்டாள், பத்து சரி.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வுத் தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். 704-இல் 386. விடை 318, சரியாகத்தான் இருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம், "முறை?" என்று ஒரு கேள்விக்குறி, இரண்டு மார்க்குக்கு ஒன்று.

"மிஸ்ஸாண்ட சொன்னியா?"

"சொன்னேன் சார். நான் கடன் வாங்குனத கீழ திருப்பிக் குடுத்துட்டேன் மிஸ், யாராண்டயும் ஆட்டைய போடலன்னு சொன்னேன்."

"மிஸ் என்ன சொன்னாங்க?"

"ஒக்காருன்னாங்க."

தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, சுண்டல் தட்டு வாங்கப் போனாள்.